சிகரெட் தாளில் சித்திரம் வரைந்தவர்

கொரியா நாட்டின் புகழ்பெற்ற ஓவியர் லீ ஜூங் சோப். காளைகளையும் குழந்தைகளையும் வரைந்து அழியாப் புகழ் பெற்றவர்.

இன்று அவருடைய படம் ஒன்று கோடிக்கணக்கில் விலை போகிறது. ஆனால் அவர் வாழ்ந்த காலத்தில் காகிதம் வாங்கக்கூட அவரிடம் காசு இல்லை. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளை எடுத்து வைத்து, அதில் படம் வரைந்தார்.

பெரிய பதவிக்கு அவர் ஆசைப்படவில்லை. மாளிகைக்கும் ஆசைப்படவில்லை. மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஒரே கூரையின் கீழ் வாழவேண்டும் என்பதே அவருடைய ஆசை. அந்தச் சின்ன ஆசை நிறைவேறாமலே, 40-வது வயதில் அவர் கண்ணை மூடினார்.

அவருடைய கதை இது.

வசதியான வீடு

லீ ஜூங் சோப் 1916-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந்தேதி பிறந்தார். கொரியாவின் வடபகுதியில் பியோங்வொன் என்ற ஊர்ப்பக்கம் அவர்களுக்கு நிலபுலம் இருந்தது. நல்ல வசதியான குடும்பம்.

அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே தகப்பனார் இறந்துவிட்டார். தாயார்தான் வளர்த்தார்.

அப்போது கொரியா சுதந்திர நாடாக இல்லை. 1910-ம் ஆண்டிலேயே ஜப்பான் அந்த நாட்டைப் பிடித்துக் கொண்டது. 1945 வரை ஜப்பானியர் ஆட்சிதான்.

லீ ஓசான் என்ற பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். நாட்டுப்பற்றுக்குப் பெயர்போன பள்ளிக்கூடம் அது. அங்கே சித்திர ஆசிரியராக இருந்தவர் இம் யோங் ரியோன். அமெரிக்காவுக்குப் போய் ஓவியம் படித்துத் திரும்பியவர். மாணவனின் கையில் இருந்த திறமையை அவர் கண்டுகொண்டார். ஊக்கம் கொடுத்தார்.

ஜப்பானிய ஆட்சி கொரிய மொழியை ஒதுக்கி வைத்தது. கொரியர்கள் தங்கள் பெயரைக்கூட ஜப்பானியப் பெயராக மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பிற்பாடு உத்தரவு வந்தது. லீ மட்டும் தம் படங்களின் அடியில் கொரிய எழுத்திலேயே கையெழுத்துப் போட்டார். கடைசி வரை அதை அவர் மாற்றவில்லை.

மாடு பார்க்கும் பையன்

பள்ளிக்கூட நாளிலேயே லீயின் மனத்தைக் கவர்ந்தது மாடு.

கொரிய உழவனுக்கு மாடுதான் எல்லாம். ஏர் உழுவதும் அது. வண்டி இழுப்பதும் அது. அடித்தாலும் பொறுத்துக்கொள்ளும். கோபம் வந்தால் எதிர்த்து நிற்கும். அடிமைப்பட்டுக் கிடந்த தம் மக்களை அந்த மாட்டில் லீ கண்டார்.

வயல் ஓரத்தில் மணிக்கணக்கில் நின்று மாட்டையே பார்ப்பார். அதன் கண்ணைப் பார்ப்பார். கால் எப்படி ஊன்றுகிறது, கழுத்து எப்படித் திரும்புகிறது என்று பார்ப்பார். ஒருமுறை அவரை மாட்டுத் திருடன் என்று நினைத்துப் பிடித்துக் கொண்டார்கள் என்றும் ஒரு கதை உண்டு.

டோக்கியோவில் காதல்

1936-ல் ஓவியம் படிப்பதற்காக லீ ஜப்பான் தலைநகர் டோக்கியோவுக்குப் போனார். மறு ஆண்டு பூங்கா கக்குயின் என்ற கலைக்கல்லூரியில் சேர்ந்தார்.

அவருக்கு முகவாய் நீளம். ஜப்பானிய மொழியில் முகவாய்க்கு ‘அகோ’ என்று பெயர். லீ என்ற பெயரை அவர்கள் ‘ரி’ என்பார்கள். இரண்டையும் சேர்த்து ‘அகோரி’ என்று நண்பர்கள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அவர் கோபித்துக் கொள்ளவில்லை. பின்னாளில் மனைவிக்கு எழுதும் கடிதத்தில்கூட அந்தப் பெயரையே போட்டுக் கொண்டார்.

அதே கல்லூரியில் படித்த பெண் மசாகோ யாமமோட்டோ. வசதியான ஜப்பானியக் குடும்பத்துப் பெண். தூரிகை கழுவும் இடத்தில் இருவரும் பழகத் தொடங்கினார்கள். பழக்கம் காதலாக வளர்ந்தது.

ஆளுகிற நாட்டுப் பெண் அவள். அடிமை நாட்டுப் பையன் அவர். அந்தக் காலத்தில் இது சாதாரணமான காதல் அல்ல.

1940 முதல் 1943 வரை லீ மசாகோவுக்குத் தபால் கார்டுகள் அனுப்பிக்கொண்டே இருந்தார். சுமார் 90 கார்டுகள். ஒரு பக்கம் விலாசம். மறு பக்கம் படம். காதல் மொழி ஒரு வரிகூட இல்லை. மான், மீன், மாடு, மரம், ஆண், பெண் என்று படம்தான் பேசியது.

1943-ல் ஒரு கண்காட்சியில் லீக்குப் பரிசு கிடைத்தது. வண்ணம் குழைக்கும் பலகை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அந்தப் பலகையை அவர் மசாகோவிடம் கொடுத்துவிட்டுக் கொரியாவுக்குத் திரும்பினார். அப்போது அவர் குடும்பம் வொன்சான் என்ற துறைமுக நகரத்தில் இருந்தது.

குண்டு மழையில் வந்த மணமகள்

உலகப்போர் முற்றியது. ஜப்பான் மீது அமெரிக்க விமானங்கள் குண்டு பொழிந்தன. இரு நாட்டுக்கும் இடையே கப்பலில் போவது உயிரைப் பணயம் வைக்கும் காரியம் ஆகிவிட்டது.

1945-ம் ஆண்டு மசாகோ துணிந்து புறப்பட்டாள். தன்னந்தனியாகக் கடல் கடந்து கொரியாவுக்கு வந்து சேர்ந்தாள். மே மாதம் வொன்சானில் கல்யாணம் நடந்தது. கொரிய முறைப்படி கொரிய உடை உடுத்தி இருவரும் மணந்து கொண்டார்கள்.

லீ தம் மனைவிக்கு ‘நாம் டோக்’ என்று கொரியப் பெயர் சூட்டினார். தெற்கே இருந்து வந்த நற்குணவதி என்பது அதன் பொருள்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஜப்பான் சரண் அடைந்தது. கொரியா விடுதலை பெற்றது. ஆனால் நாடு இரண்டாகப் பிரிந்தது. வடக்கே ரஷ்யப் படை. தெற்கே அமெரிக்கப் படை. லீ இருந்த வொன்சான் வடக்கே சிக்கியது.

1946-ல் முதல் ஆண் குழந்தை பிறந்தது. கொஞ்ச காலத்துக்குள் தொண்டை அடைப்பான் நோய் கண்டு இறந்து போயிற்று. குழந்தைக்குத் துணை வேண்டும் என்று, விளையாடும் பிள்ளைகளின் படங்களை வரைந்து, சவப்பெட்டிக்குள் வைத்து லீ புதைத்தார். அன்று தொடங்கிக் கடைசி வரை அவர் படங்களில் குழந்தைகள் விளையாடிக் கொண்டே இருந்தார்கள்.

பிறகு 1947-லும் 1949-லும் இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள்.

எல்லாம் போயிற்று

1950-ம் ஆண்டு ஜூன் 25-ந்தேதி கொரியப் போர் மூண்டது. அண்ணன் தம்பியே எதிர் எதிர்ப் பக்கம் நின்ற போர்.

அந்த ஆண்டு டிசம்பரில் சீனப்படை தெற்கு நோக்கி முன்னேறி வந்தது. மக்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே ஓடினார்கள். லீயும் மனைவி, மக்களோடு கப்பல் ஏறினார்.

வயதான தாயார் வரவில்லை. அதுவரை வரைந்த படங்களை எல்லாம் தாயிடம் கொடுத்துவிட்டு லீ புறப்பட்டார். கொஞ்ச நாளில் திரும்பலாம் என்பது எண்ணம். திரும்ப முடியவில்லை. தாயை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. அந்தப் படங்களும் போன இடம் தெரியாமல் போயின.

நிலமும் வீடும் உடைய பிள்ளையாகப் பிறந்தவர், பூசான் துறைமுகத்தில் அகதியாக இறங்கினார்.

ஒரு சின்ன அறை

பூசானில் அகதிகள் நிரம்பி வழிந்தார்கள். 1951 தொடக்கத்தில் லீ குடும்பம் தெற்குக் கடலில் உள்ள ஜேஜு தீவுக்குப் போயிற்று. அந்தத் தீவில் சோக்விபோ என்று ஒரு கடலோர ஊர். அங்கே ஒருவர் இரக்கப்பட்டு ஓர் அறை கொடுத்தார்.

அறையின் அளவு ஏறக்குறைய 50 சதுர அடி. நாலு பேர் படுத்தால் இடம் இல்லை. உதவியாகக் கிடைத்த தானியம் போதவில்லை. கடற்பாசி பறித்தார்கள். கரையில் நண்டு பிடித்தார்கள். அதையே சமைத்துச் சாப்பிட்டார்கள்.

இருந்தும் லீயின் வாழ்க்கையில் மகிழ்ச்சியான காலம் அதுதான்! நாலு பேரும் ஒன்றாக இருந்தார்கள். பகலில் பிள்ளைகளோடு கடற்கரையில் விளையாடுவார். இரவில் படம் வரைவார்.

அங்கே மரப்பலகையில் அவர் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. குழந்தைகள் பழம் பறிக்கிறார்கள். ஒரு பையன் பெரிய வெள்ளைப் பறவையின் முதுகில் ஏறிப் பறக்கிறான். போர் நடக்கும் நாட்டில், பசித்த வயிற்றோடு ஒருவர் வரைந்த படம் என்று யாராலும் சொல்ல முடியாது.

நண்டுகளையும் நிறைய வரைந்தார். பசிக்காக அத்தனை நண்டுகளைக் கொன்று தின்றோமே என்று அவர் வருந்தியதாகவும், அதனால்தான் அவற்றை வரைந்ததாகவும் சொல்வார்கள்.

பிரிவு

1951 கடைசியில் மறுபடி பூசானுக்கு வந்தார்கள். அங்கே பலகைக் குடிசை. மனைவிக்கு உடல்நிலை கெட்டது. பிள்ளைகள் மெலிந்து போனார்கள். ஜப்பானில் மசாகோவின் தகப்பனார் இறந்து போன செய்தியும் வந்தது.

வேறு வழி இல்லை. 1952-ல் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஜப்பானுக்குக் கப்பல் ஏற்றி அனுப்பினார் லீ.

அவர் மட்டும் ஏன் போகவில்லை?

மசாகோ ஜப்பான் நாட்டுப் பெண். ஆகவே தாய்நாடு திரும்ப அவளுக்கு வழி இருந்தது. லீ கொரியர். அப்போது இரு நாட்டுக்கும் இடையே தூதர் உறவே கிடையாது. அந்த உறவு ஏற்பட்டது 1965-ல்தான். பாஸ்போர்ட் கிடைப்பது குதிரைக்கொம்பு. கொஞ்ச நாள் பொறுத்தால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நம்பினார்.

1953 கோடையில் நண்பர்கள் உதவியால் கப்பல் மாலுமிக்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு ஒன்று கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு டோக்கியோ போனார். மனைவியைக் கண்டார். பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சினார்.

ஒரு வாரம்கூட அங்கே தங்க முடியவில்லை. சீட்டுக் கெடு முடிந்தது. திரும்பிவிட்டார்.

குடும்பத்தை அவர் பார்த்தது அதுதான் கடைசித் தடவை.

ஈயத்தாள் ஓவியம்

தனி ஆளாகி விட்ட லீ, கப்பல் துறையில் கூலி வேலை செய்தார். சோறு கிடைத்த நாளும் உண்டு. கிடைக்காத நாளும் உண்டு. திரைச்சீலை வாங்கவும் வண்ணம் வாங்கவும் பணம் ஏது?

சிகரெட் பெட்டிக்குள் ஒரு பக்கம் வெள்ளியாகப் பளபளக்கும் தாள் இருக்கும். மற்றவர்கள் அதைக் கசக்கி எறிந்துவிடுவார்கள். லீ அதை எடுத்து, மடிப்பு நீக்கி, தடவி வைத்துக் கொள்வார்.

கூரான ஊசியால் அல்லது ஆணியால் அந்தத் தாளில் கோடு கீறுவார். தாள் கிழியாமல் கீற வேண்டும். பிறகு அதன்மேல் மையையோ வண்ணத்தையோ பூசுவார். உடனே துணியால் துடைத்து எடுத்துவிடுவார். பளபளப்பான இடத்தில் வண்ணம் ஒட்டாது. கீறிய பள்ளத்தில் மட்டும் தங்கி நிற்கும். கோடுகள் பளிச்சென்று எழும்பித் தெரியும்!

கொரியாவில் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே குயவர்கள் பச்சைப் பீங்கானில் கோடு கீறி, அந்தப் பள்ளத்தில் வேறு நிற மண்ணை அடைத்துச் சித்திர வேலை செய்தார்கள். அந்தப் பழைய கைவேலை, ஒரு ஏழை அகதியின் கையில், சிகரெட் தாளில் மறுபடி உயிர் பெற்றது.

ஒவ்வொரு படமும் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதற்குள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்ட தாய், தகப்பன், பிள்ளைகள். மீனோடும் நண்டோடும் புரளும் குழந்தைகள். ஒரு கயிறு எல்லோரையும் சுற்றி இணைத்திருக்கும். யாரும் யாரையும் விட்டுப் பிரியாத உலகம் அது. சுமார் 300 படங்கள் இப்படி வரைந்தார் என்பார்கள்.

சீறும் காளை

1953 கடைசியில் டோங்யோங் என்ற கடலோர நகருக்கு நண்பர் ஒருவர் லீயை அழைத்தார். அங்கே முத்துச்சிப்பி பதித்த மரச்சாமான்கள் செய்வதற்குப் பயிற்சிப் பள்ளி இருந்தது. தங்க இடமும் வரைய அமைதியும் கிடைத்தது.

அங்கேதான் அவருடைய புகழ்பெற்ற காளைகள் பிறந்தன.

எலும்பு தெரிய மெலிந்த காளை. ஆனால் தலை நிமிர்ந்து நிற்கிறது. கால் தரையில் அழுந்த ஊன்றியிருக்கிறது. தூரிகையின் ஒவ்வொரு இழுப்பும் நரம்பு போல் முறுக்கேறியிருக்கிறது. போரில் நொந்துபோன கொரிய மக்கள் அந்தக் காளையில் தங்களையே பார்த்தார்கள்.

இன்னொரு படத்தில் மாட்டுவண்டி போகிறது. வண்டியில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். பூத்தூவி விளையாடுகிறார்கள். தகப்பன் கையை வீசி, மாட்டை நடத்திக்கொண்டு முன்னே போகிறான். குளிர் இல்லாத தென்திசை நோக்கிக் குடும்பமே போகிறது. இந்தக் காட்சியை முதலில் மகனுக்கு எழுதிய கடிதத்தில் வரைந்தார். பிறகு பெரிய படமாகவும் வரைந்தார்.

பிள்ளைகளுக்கு எழுதும் கடிதங்களில் எப்போதும் படம் இருக்கும். இருவருக்கும் தனித்தனியாக வரைந்து அனுப்புவார். ஒருவனுக்குக் கூடுதல், ஒருவனுக்குக் குறைவு என்ற மனத்தாங்கல் வரக்கூடாது என்பது அவர் கவலை. ஜப்பானுக்கு வந்ததும் சைக்கிள் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்தார்.

கண்காட்சி

கண்காட்சி நடத்திப் படங்களை விற்க வேண்டும். அந்தப் பணத்தோடு ஜப்பான் போகவேண்டும். இதுவே லீயின் திட்டம்.

கணவருக்கு உதவ மசாகோவும் முயன்றாள். ஜப்பானியப் புத்தகங்களைக் கடனுக்கு வாங்கிக் கொரியாவில் விற்பதற்கு அனுப்பினாள். இடையில் இருந்த ஆள் பணத்தைக் கொடுக்காமல் ஏமாற்றிவிட்டான். உதவி கடனாக முடிந்தது.

1955 ஜனவரியில் சியோல் நகரில் மிடோபா என்ற பெரிய கடையின் கூடத்தில் கண்காட்சி நடந்தது. கூட்டம் வந்தது. பாராட்டுக் குவிந்தது. பல படங்களை வாங்குவதாகச் சொன்னார்கள்.

ஆனால் எடுத்துப் போனவர்களில் பலர் சொன்னபடி பணம் கொடுக்கவில்லை. ஈயத்தாள் படங்களில் குழந்தைகளும் பெரியவர்களும் ஆடையின்றி இருந்ததால் ஆபாசம் என்று போலீசார் ஆட்சேபித்தார்கள். கையில் மிஞ்சிய பணம் போதவில்லை.

அதே ஆண்டு டேகு நகரில் இன்னொரு கண்காட்சி வைத்தார். அதுவும் கைகொடுக்கவில்லை.

அப்போது கவிஞர் கூ சாங் அவருக்கு உற்ற நண்பராக இருந்தார். லீ அவர் வீட்டில் தங்கியிருந்தார். ஒருநாள் கூ சாங் தம் மகனுக்கு மூன்று சக்கர சைக்கிள் வாங்கி வந்தார். பையன் குதித்தான். வீடே சிரித்தது. லீ ஓரமாக உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்தார். அந்தக் காட்சியையே படமாக வரைந்தார். படத்தின் ஓரத்தில், சைக்கிள் ஓட்டும் பையனைப் பார்த்தபடி அவரும் உட்கார்ந்திருக்கிறார்.

பிரிக்காத கடிதங்கள்

அதோடு அவர் மனம் உடைந்தது.

தாம் ஓவியர் என்று சொல்லிக்கொண்டு உலகத்தை ஏமாற்றி, பிறர் சோற்றைத் தின்பதாக நம்பத் தொடங்கினார். சாப்பிட மறுத்தார். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இடத்தைப் பெருக்குவார். பைத்தியம் என்று சிலர் பேசினார்கள். அப்படி இல்லை என்று காட்டுவதற்காகக் கண்ணாடியில் பார்த்துத் தம் முகத்தைப் பென்சிலால் அப்படியே வரைந்து காட்டினார்.

டேகுவிலும் சியோலிலும் மாறி மாறி ஆஸ்பத்திரி. ஈரலும் கெட்டுவிட்டது. ஜப்பானிலிருந்து மனைவியின் கடிதங்கள் வந்தன. அவற்றை அவர் பிரித்துப் படிக்கவில்லை.

கடைசியாக வரைந்த படங்களில் ஒரு பையன் ஜன்னலில் சாய்ந்து காத்திருக்கிறான். வெளியே பனி. தலையில் கூடையோடு ஒரு பெண் வருகிறாள். அப்போது ஓடிய ஒரு சினிமாவின் பெயரை அந்தப் படத்துக்கு வைத்தார். ‘திரும்பி வராத நதி’ என்பது அந்தப் பெயர்.

1956-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந்தேதி சியோல் செஞ்சிலுவை ஆஸ்பத்திரியில் லீ ஜூங் சோப் இறந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. மூன்று நாள் கழித்து நண்பர்கள் வந்து பார்த்தபோது, உடல் பிண அறையில் கேட்பாரற்றுக் கிடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டணம் கட்ட வேண்டிய சீட்டும் அதோடு இருந்தது.

நண்பர்கள் தகனம் செய்து, சியோலை அடுத்த மாங்கூரி மயானத்தில் அடக்கம் செய்தார்கள். அஸ்தியில் ஒரு பகுதி ஜப்பானில் மனைவியிடம் போய்ச் சேர்ந்தது.

இறந்த பிறகு

ஆர்தர் மெக்டகார்ட் என்ற அமெரிக்க அதிகாரி ஈயத்தாள் படங்களை வாங்கியிருந்தார். அவற்றில் மூன்று நியூயார்க் நகரில் உள்ள நவீனக் கலைக் காட்சிசாலையில் இடம் பெற்றன. லீ இறந்த அதே 1956-ல் அது நடந்தது.

1978-ல் கொரிய அரசு அவருக்குக் கலைவிருது அளித்தது. 2018-ல் அவருடைய காளைப் படம் ஒன்று 470 கோடி வொன்னுக்கு ஏலம் போயிற்று. 2021-ல் ஒரு பெரிய தொழிலதிபரின் குடும்பம், தங்களிடம் இருந்த லீயின் படங்கள் நூற்றுக்கு மேல் தேசியக் காட்சிசாலைக்கு நன்கொடையாகக் கொடுத்தது.

ஜேஜு தீவில் அவர் குடியிருந்த சின்ன அறையைப் புதுப்பித்து அப்படியே காத்து வருகிறார்கள். ஊரில் ஒரு தெருவுக்கு அவர் பெயர். அதன் அருகே அவர் பெயரில் காட்சிசாலையும் 2002-ல் எழுந்தது. அறைக்குள் எட்டிப் பார்ப்பவர்கள், நாலு பேர் இதற்குள் எப்படிப் படுத்தார்கள் என்று திகைக்கிறார்கள்.

மசாகோ மறுமணம் செய்து கொள்ளவில்லை. உழைத்து இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார்.

1943-ல் கணவர் கொடுத்துவிட்டுப் போன அந்த வண்ணப் பலகை அவரிடமே இருந்தது. 69 ஆண்டுகள் அதைக் காத்து வைத்திருந்தார். 2012-ல், 90 வயது கடந்த நிலையில், அவரே கடல் கடந்து வந்து, சோக்விபோ காட்சிசாலைக்கு அதை ஒப்படைத்தார். 2022 ஆகஸ்டில், நூறு வயதைத் தாண்டி, டோக்கியோவில் காலமானார்.

இருவரும் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்தது ஏழு ஆண்டு. அதன் பிறகு 70 ஆண்டுகள் அவர் தனியாகவே வாழ்ந்தார்.